மாவட்டம் வைக்கும் பெயர்

"குழந்தை பேரு சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

மலையாண்டி தன் வேட்டியின் ஊதாக் கரை எல்லோருக்கும் தெரியும்படி ஒரு முறை சரிசெய்துகொண்டான். "மாவட்டம் இன்னும் வைக்கலைங்க."

நர்ஸ் ஊசியைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தினார். போன தடவை தடுப்பூசிக்கு வந்தபோதும் பெயருக்கான இடம் காலியாகத்தான் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்க மாவட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று புதிதாக ஏதும் உத்தரவு வந்திருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எந்த மாவட்டம்?"

"நம்ம மாவட்டந்தாங்க. தேதி குடுத்திருக்கு. ஞாயித்துக்கெழமை வருது."

"மாவட்டம் வருதா?"

"ஆமாங்க. போன வாரமே வந்திருக்கும். மாவட்டத்துக்குச் சளி."

நர்ஸ் பிள்ளையின் தாயைப் பார்த்தார். சுகன்யா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மெல்லிய குரலில் விளக்கினாள். கட்சிக்காரர்கள் மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒன்றியச் செயலாளர் என்றால் ஒன்றியம். தன் வீட்டுக்காரர் கிளைச் செயலாளர், ஆகவே கிளை.

"அப்ப இவங்க?" என்று நர்ஸ் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

"இது இன்னும் பொறுப்புக்கு வரலைங்க" என்றாள் சுகன்யா.

நர்ஸ் சிரித்துக்கொண்டே ஊசி போட்டார். பெயர் இல்லாத பிள்ளை, பெயர் உள்ள பிள்ளைகளைப் போலவே அழுதது.

சீரங்கன்விடுதி கறம்பக்குடிக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரில் மலையாண்டிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. அவன் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்த மோட்டார் எதுவும் சுற்று வட்டாரக் கடலைக் கொல்லைகளில் மறுபடி எரிந்ததில்லை என்பது ஒன்று. அவன் வீட்டில் யாரும் கட்சி மாறியதில்லை என்பது மற்றொன்று. அவன் அப்பா மண்வெட்டிக் கட்சி. அவருடைய அப்பா, கட்சிக்கு மண்வெட்டிச் சின்னம் கிடைப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கட்சி. "எங்க வீட்டுல கட்சி மாறுன ரத்தம் கிடையாது" என்பதை அவன் தன் ரத்த வகையைச் சொல்வது போலவே சொல்வான். ரத்த தான முகாமில் வகை கேட்டபோது ஒரு தடவை அப்படியே சொல்லியும் விட்டான்.

பிள்ளை பிறந்த அன்று ஆலங்குடியில் கட்சிக் கூட்டம். மேடையில் மாவட்டச் செயலாளர் குழந்தைசாமி உட்கார்ந்திருந்தார். பேச்சாளர் ஒருவர் தண்ணீர் குடிக்க நகர்ந்த நேரத்தில் மலையாண்டி மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொண்டான். தனக்குப் பெண் பிறந்திருப்பதாகவும், அவளுக்கு மாவட்டம்தான் பெயர் வைக்க வேண்டும் என்றும், அதுவரை தன் வாயால் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை என்றும் அறிவித்தான். கூட்டம் கைதட்டியது. குழந்தைசாமி எழுந்து வந்து கட்டிப் பிடித்தார். வீட்டுக்கே வருகிறேன் என்றார். அந்தப் படம் மலையாண்டியின் கடைச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டப்பட்டது.

அதற்குப் பிறகு அவனால் பின்வாங்க முடியவில்லை. வேறு யார் பெயர் வைத்தாலும் மைக்கில் கொடுத்த வாக்கு கெட்டுப்போகும். மைக்கில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் என்று அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் இல்லை என்பதால், தான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று அவன் உறுதியாக இருந்தான்.

இதற்கிடையில் தெருவில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டு அடைக்கலமேரி மரியா என்றாள். எதிர் வீட்டில் தங்கம் என்றார்கள். டீக்கடைத் திருப்பதிதான் மோசம். அவன் "பேரு அறிவிக்காத வேட்பாளர்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியதும் சுகன்யா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அவரு எந்த வழியா வருவாரு?"

"தெக்கு வழியாத்தான். கறம்பக்குடி ரோட்டுலேர்ந்து நேரா உள்ள வந்தா நம்ம வீடு."

"அந்த வழியில ரெண்டு பக்கமும் கருவ முள்ளு. பள்ளிக்கூட வேனே உள்ள வர மாட்டேங்குது. மாவட்டம் காரு வருமா?"

மலையாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் உடனே ஒன்றியத்துக்குப் போன் போட்டான். ஒன்றியம் ஜேசிபி அனுப்பியது. முள் எல்லாம் ஒரே நாளில் போயிற்று. பள்ளங்களில் கிராவல் கொட்டி உருளையை ஓட்டினார்கள். மலையாண்டி அந்தத் தூசியில் நின்று இருமிக்கொண்டே எல்லோருக்கும் மோர் ஊற்றினான். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். தன் மகள் மேல் தெருவுக்கு இருக்கும் பாசத்தைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கியது. தூசியும் ஒரு காரணம்.

ஞாயிறு காலை பந்தல் தயார். ஊதாக் கொடி தெரு முழுக்கப் பறந்தது. மைக்செட்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது டீக்கடைத் திருப்பதி கையில் செல்போனோடு வந்தான்.

"என்ன கிளை, விசயம் தெரியுமா? மாவட்டம் மாறிருச்சு."

"மாறிருச்சா? எந்த மாவட்டத்துக்குப் போட்டுருக்காங்க? சிவகங்கையா?"

"மாவட்டத்த மாத்தலப்பா. மாவட்டமே மாறிருச்சு."

செல்போனில் குழந்தைசாமி சென்னையில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் பச்சைச் சால்வை. கூடைக் கட்சியில் சேர்ந்துவிட்டாராம். அது தன் தாய்வீடு என்றார். அங்கே அவர் அதுவரை போனதே இல்லையே என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, தாய்வீட்டை மனத்தால் நினைத்தாலே போதும் என்றார்.

மைக்செட்காரர் தானாகவே பாட்டை நிறுத்தினார். சமைத்த கேசரி மட்டும் கட்சி பார்க்காமல் தீர்ந்தது.

மலையாண்டி இரண்டு நாள் கடை திறக்கவில்லை. காயில் கட்டும் மேசை முன் உட்கார்ந்து யோசித்தான். மூன்றாம் நாள் சட்டென்று எழுந்து வந்து மனைவியிடம் சொன்னான். தான் மைக்கில் சொன்னது மாவட்டம் பெயர் வைக்க வேண்டும் என்றுதானே தவிர, குழந்தைசாமி வைக்க வேண்டும் என்று இல்லை. மாவட்டம் என்பது பதவி. ஆள் போனால் என்ன, பதவி கட்சியில்தானே இருக்கிறது? புதிதாக யாரை மாவட்டம் ஆக்குகிறார்களோ அவர் வந்து வைப்பார். வாக்கும் கெடாது, கட்சியும் மாறியதாக ஆகாது.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள் சுகன்யா. "அவரு எந்த வழியா வருவாரு?"

புது மாவட்டத்தின் பெயர் அரவிந்த்குமார். இளைஞர். புதுக்கோட்டைக்காரர். எங்கே போனாலும் மேலே பறந்து படமெடுக்கும் ட்ரோன் ஒன்றும் கூடவே போகும். அவரும் தெற்கு வழியாகத்தான் வருவார் என்றான் மலையாண்டி, புது கிராவல் ரோடு இருக்கிறதே.

சுகன்யா தயங்கினாள். "அந்த வழியில பழைய மாவட்டத்தோட பேனரு இன்னும் கெடக்கு. அவரு போட்டுக் குடுத்த ரோடுன்னு வேற ஊரே பேசுது. புது மாவட்டம் அது மேல வந்தா அவருக்கு மரியாதையா இருக்குமா?"

மலையாண்டி அவளை அதிசயமாகப் பார்த்தான். பத்தாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு அரசியல் தெரியும் என்று அவன் நினைத்ததில்லை. "அப்ப வடக்கால, குளக்கரை வழியா வரச் சொல்லுவோம்."

"அங்கிட்டு வாய்க்கால்ல பாலம் இல்லியே. மழை பேஞ்சா பிள்ளைங்க பனங்கட்டையில நடந்துதான பள்ளிக்கூடம் போவுது."

அது உண்மைதான். மலையாண்டி மறுபடி போனைத் தூக்கினான். புது மாவட்டம் பதவியேற்ற பிறகு கலந்துகொள்ளும் முதல் குடும்ப விழா என்பதால் ஒன்றியமும் சுறுசுறுப்பாக இருந்தது. பெரிய பெரிய சிமென்ட் குழாய்கள் லாரியில் வந்து இறங்கின. வாய்க்காலின் குறுக்கே அவற்றைப் போட்டு மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். அது காயும் வரை விழாவைத் தள்ளி வைத்தார்கள். பிள்ளை அதற்குள் குப்புற விழுந்து, தலை தூக்கி, தவழத் தொடங்கிவிட்டது. அரவிந்த்குமார் மாலையில்தான் வர முடியும் என்று தகவல் வந்தபோது, ட்ரோனுக்கு வெளிச்சம் போதாதே என்று சுகன்யா கவலைப்பட்டாள். குளக்கரையிலிருந்து வீடு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் விளக்குப் போட்டார்கள்.

அரவிந்த்குமார் சொன்ன நேரத்துக்கு வந்தார். ட்ரோனும் வந்தது. தெருக் கோழிகள் அதைப் பருந்து என்று நினைத்து மறைவிடம் தேடி ஓடின. மலையாண்டி மாலையோடு முன்னால் நின்றான். பிள்ளையைத் தூக்கி வரும்படி உள்ளே குரல் கொடுத்தான்.

சுகன்யா மட்டும்தான் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கூடவே அடைக்கலமேரி, கையில் ஈரத் துணியோடு.

"பாப்பாவுக்குக் காச்சலுங்க" என்றாள் சுகன்யா.

"அனலாக் கொதிக்குது" என்றாள் அடைக்கலமேரி. "இந்தக் கூட்டத்துல தூக்கியாந்தா கண்ணு பட்டுரும் தம்பி."

அதே நேரத்தில் உள்ளே பிள்ளை கலகலவென்று சிரித்தது. எல்லோருக்கும் கேட்டது. அரவிந்த்குமார் கதவைப் பார்த்தார்.

"காச்சல் வேகத்துல சிரிக்கிது" என்றாள் அடைக்கலமேரி.

அரவிந்த்குமார் படித்தவர், வற்புறுத்தவில்லை. பிள்ளை நன்றாகத் தேறட்டும், இன்னொரு நாள் வருகிறேன் என்று டீ குடித்துவிட்டு, புதுப் பாலத்தின் மேல் நின்று ட்ரோனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று இரவே பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கி, மறுநாள் காலையில் மலையாண்டியின் காயில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தைகளின் உடம்பு இப்படித்தான் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

டீக்கடையில் தேற்றுவார் இல்லை.

"கிளை, வேட்பாளர் இந்தத் தடவையும் மனுத் தாக்கல் பண்ணலையாமே?" என்றான் திருப்பதி.

மலையாண்டி அன்றிலிருந்து வீட்டிலேயே டீ குடித்தான்.

தேர்தல் நெருங்கியது. அரவிந்த்குமாருக்கு நேரமே கிடைக்கவில்லை. அப்போதுதான் குழந்தைசாமியிடமிருந்து போன் வந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை போனில் கூப்பிட்டு, பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்ற சேதியை அவருக்குச் சொல்லியிருந்தாளாம். கூடைக் கட்சியும் அவரை மாவட்டச் செயலாளராகவே ஆக்கியிருந்தது.

"மலையாண்டி, ஒனக்கு நான் குடுத்த வாக்கு அப்படியே இருக்குப்பா" என்றார் குழந்தைசாமி. குரல் தழுதழுத்தது. "கட்சி மாறுனா வாக்கு மாறுமா?"

மலையாண்டியின் கணக்கு மறுபடி உடைந்தது. மாவட்டம் என்பது பதவி என்றால் இப்போது இரண்டு மாவட்டம் இருந்தது. ஆள் என்றால் முதலில் வாக்குக் கொடுத்த ஆள் குழந்தைசாமிதான். கட்டிப் பிடித்ததும் அவர்தான். படமும் சுவரில் இருக்கிறது. அந்தப் படத்தை எத்தனையோ தடவை கழற்ற நினைத்தும் ஆணி வரவில்லை. அது ஒரு அறிகுறி என்று இப்போது தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் பச்சைக் கரை வேட்டி கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கடைக்குப் போனான். கூடைக் கட்சியிலும் அவனைக் கிளைச் செயலாளராகவே போட்டுக்கொண்டார்கள். அங்கே கிளை காலியாக இருந்தது. அந்தக் கிளையில் இருந்தவர் மண்வெட்டிக்குப் போயிருந்தார்.

"நான் மாறல சுகன்யா" என்று அவன் அன்று சாப்பிடும்போது சொன்னான். "நான் நின்ன எடத்துலயேதான் நிக்கிறேன். கட்சிதான் காலுக்கு அடியில நகந்து போச்சு."

"நானும் அதத்தான் பாத்தேன்" என்று அவள் ரசம் ஊற்றினாள். "மாவட்டம் எந்த வழியா வருது?"

"தெக்கு வழிதான். அவரு போட்ட ரோடு."

"காரு தெரு முனையோட நின்னுருமே. அங்கேர்ந்து நடந்துதான வரணும்? அடைக்கலமேரி அக்கா வாசல்ல கால் வைக்க முடியலைங்க. சாக்கடைத் தண்ணி. அவரு வெள்ளை வேட்டி வேற."

"பச்சைக் கரை வேட்டி" என்று திருத்தினான் மலையாண்டி. ஆனால் கவலை அவனைப் பிடித்துக்கொண்டது.

குழந்தைசாமிக்குச் சொந்தமாகவே பேவர் பிளாக் செய்யும் பட்டறை இருந்தது. விசயத்தைச் சொன்னதும் அவர், நம் வீட்டு விசேஷத்துக்கு நம் கல் இல்லாமலா என்று லாரி அனுப்பினார். சாக்கடைக்கு ஓரமாக வாய்க்கால் கட்டி, தெரு முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்தார்கள். வேலை நடந்த நாள்களில் தெருப் பெண்கள் ஆளுக்கொரு வீடாக அந்த ஆட்களுக்குச் சோறு போட்டார்கள். கல் கோணலாகப் பதிந்த இடத்தில் அடைக்கலமேரி குனிந்து பார்த்து, பெயர்த்து மறுபடி பதிக்க வைத்தாள். தன் பிள்ளையின் பெயர்சூட்டு விழாவுக்கு ஒரு தெருவே இப்படி உழைக்கிறதே என்று மலையாண்டிக்கு மார்பு விரிந்தது. தன் தெருவைப் போன்ற தெரு இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கிடையாது என்று அவன் வேலைக்காரர்களிடம் சொன்னான். கிடையாதுதான்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் திருப்பதி டீக்கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"கிளை, கூடையும் மண்வெட்டியும் கூட்டணி."

மலையாண்டி கையிலிருந்த பச்சைத் தோரணம் கீழே விழுந்தது. சற்று நேரத்தில் போன் வந்தது. கூட்டணிக்குப் பிறகு கறம்பக்குடிப் பக்கத்தில் நடக்கும் முதல் நிகழ்ச்சி இது என்பதால் இரண்டு மாவட்டமும் சேர்ந்தே வருவார்கள் என்றார்கள். தலைமையின் உத்தரவாம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பச்சைக் கரை வேட்டி கட்டி, தோளில் ஊதாத் துண்டு போட்டுக்கொண்டான். அது பொருந்தவில்லை. துண்டை இடுப்பில் கட்டினான். சமையல்காரர் என்று நினைத்து யாரோ வந்து எத்தனை பேருக்குப் பந்தி என்று கேட்டார்கள். மறுபடி தோளுக்கு மாற்றினான்.

தெற்கு வழியாகக் குழந்தைசாமி வந்தார். வடக்கே குளக்கரைப் பாலத்தின் மேல் அரவிந்த்குமார் வந்தார். தெரு நடுவில் இருவரும் சந்தித்துத் தழுவிக்கொண்டார்கள். போன மாதம் ஒருவரை ஒருவர் மேடையில் ஏசியதெல்லாம் மக்களுக்கு நினைவிருந்ததால் அந்தத் தழுவலை மக்கள் மிகவும் ரசித்தார்கள்.

சுகன்யா பிள்ளையோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ங்கா" என்றது. அது நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. அன்று மேடையில் பேசியவர்களில் கட்சி மாறாதவர் இவர் ஒருவர்தான் என்றான் திருப்பதி.

"நீங்க வைங்கண்ணே, நீங்க மூத்தவங்க" என்றார் அரவிந்த்குமார்.

"இல்ல தம்பி, இந்தத் தொகுதி ஒங்களுக்கு ஒதுக்குனது. நீங்க வைங்க."

"வாக்குக் குடுத்தது நீங்க."

"முதல்ல வந்து திரும்பிப் போனது நீங்க."

பார்ப்பதற்கு மரியாதை போலத்தான் இருந்தது. ஆனால் அரவிந்த்குமார் பையிலிருந்து எடுத்த சீட்டில் தன் தலைவரின் அம்மா பெயர் இருந்தது. குழந்தைசாமியின் சீட்டில் அவர் தலைவரின் மகள் பெயர். இருவரும் சீட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். முகம் மாறியது. ஊதாத் துண்டுகள் ஒரு பக்கமும் பச்சைத் துண்டுகள் மறுபக்கமும் எழுந்து நின்றன. பெயரில் பாதி இவர்கள், பாதி அவர்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். முன்பாதி யாருக்கு என்பதில் அதுவும் நின்றுபோனது.

கடைசியில் குழந்தைசாமி மைக்கை எடுத்தார். இது கூட்டணி தர்மம் சம்பந்தப்பட்ட விசயம் என்றார். இரு தரப்பிலும் சமமான ஆட்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்படும். அந்தக் குழு பேசி முடித்து, உரிய நேரத்தில் குழந்தையின் பெயரை அறிவிக்கும். அதுவரை தொண்டர்கள் அமைதி காக்க வேண்டும்.

எல்லோரும் கைதட்டினார்கள். தெருப் பெண்கள்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

மலையாண்டி மட்டும் தட்டவில்லை. அவன் தன் பிள்ளையைப் பார்த்தான். அது சீட்டு ஒன்றைக் கைப்பற்றி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று, வெகுநாள் சிக்கிக் கிடந்த மோட்டார் சட்டென்று சுற்றத் தொடங்கியது போல, ஓட ஆரம்பித்தது. இவர்களுக்கெல்லாம் நான் கிளை. இந்தப் பிள்ளைக்கு நான் கிளை இல்லை, அப்பன்.

அவன் மேடையேறினான். குழந்தைசாமியின் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"குழு வேணாம். எம்புள்ளைக்கு நானே பேரு வைக்கிறேன்."

சுகன்யா பின்னாலிருந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வேணாங்க. குழு சொல்லட்டும். பொறுமையா இருங்க."

பயந்த சுபாவம், பாவம் என்று நினைத்துக்கொண்டான் மலையாண்டி. அவளைப் பார்த்துப் பயப்படாதே என்று கையைக் காட்டினான். பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"மைக்குல சொன்ன வாக்க நானே மீறுறேன். பரவால்ல. யாரு எங்கிட்டு மாறுனாலும் எம்மக மாற மாட்டா. அவ பேரு மாறா."

முதலில் கைதட்டியது குழந்தைசாமி. அவர் கண் நிறைந்துவிட்டது. தன் அரசியல் வாழ்க்கை முழுவதையும் ஒரே பெயரில் சொல்லிவிட்டாய் என்று அவனைக் கட்டிப் பிடித்தார். இது எங்கள் மாறாத கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்றார் அரவிந்த்குமார். ட்ரோன் மூவரையும் சுற்றி வந்தது. திருப்பதி டீக்கடையில் அன்று எல்லோருக்கும் டீ இலவசம் என்று திருப்பதியே அறிவித்தான். அவன் அப்படிச் செய்ததை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

கார்கள் ஒன்று தெற்கேயும் ஒன்று வடக்கேயும் போயின. பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். மலையாண்டி பேவர் பிளாக் தெருவின் நடுவில், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். கம்பங்களில் விளக்குகள் எரிந்தன. அவன் தலை அந்த விளக்குகளின் உயரத்துக்கு நிமிர்ந்திருந்தது. இந்தத் தெருவில் இன்றைக்குச் சொன்ன சொல்லில் நின்ற ஒரே ஆள் தான்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

சுகன்யா வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவன் பக்கத்தில் போனான். அதற்குள் அடைக்கலமேரி வேகமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். யார் முகத்திலும் விழா முடிந்த களை இல்லை.

"ஏண்டி சுகன்யா" என்றாள் அடைக்கலமேரி, "ரோடு வந்துச்சு, பாலம் வந்துச்சு, லைட்டும் கல்லும் வந்துச்சு, வீட்டுக்கு வீடு தண்ணிக் கொழாய் வர்ற வரைக்கும் புள்ளைக்குப் பேரு வைக்க விடக் கூடாதுன்னு பேசுன பேச்சுல இந்தத் தெருப் பொம்பளைங்க ஒருத்திகூட மாறாம நின்னோமே, ஒம் புருசன் இப்படி ஒத்தை ஆளா எல்லாத்தையும் கெடுத்துப்புட்டாரேடி!"